குளக்கரைக்கு எந்த மண் சோதனை, தேரிக்கு எந்தச் சோதனை?

2023 டிசம்பர் 17, 18 மழைக்கு அடுத்த கோடையில், கரிசல் காட்டுக் குளம் ஒன்றின் கரையைப் பார்க்கப் போயிருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் எங்கள் பக்கத்துக் குளங்கள் எத்தனையோ உடைந்தன. இதுவும் அதில் ஒன்று. உடைப்பு விழுந்த இடத்தை மணல் மூட்டை போட்டு ஏற்கெனவே அடைத்திருந்தார்கள். அங்கிருந்து முந்நூறு அடி தள்ளி, கரை உடையாமல் நின்ற ஓர் இடத்தில்தான் என் கால் நின்றது. கரையின் உள்சரிவு பெரிய பெரிய கட்டிகளாக வழுக்கிக் குளத்துக்குள் இறங்கிக் கிடந்தது.

கூட வந்த ஆயக்கட்டுப் பெரியவர் கேட்டார்: “தம்பி, உடைஞ்ச இடத்தை விடுங்க, அது வெள்ளம் அறுத்தது. இங்க கரை முழுசா நிக்கு. உள்பக்கம் மட்டும் ஏன் சரிஞ்சு கெடக்கு?”

ஒப்பந்தக்காரரின் கையில் ஒரு அறிக்கை இருந்தது. “அண்ணாச்சி, மண் டெஸ்ட் எடுத்தாச்சு. நல்ல பலமான மண்ணுன்னுதான் வந்திருக்கு” என்றார். வாங்கிப் பார்த்தேன். கோடையில் எடுத்த காய்ந்த கரிசல், பக்கத்தில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் மேலிருந்து அழுத்தி உடைக்கும் சோதனை, சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் முடிவு. எண்ணில் தப்பில்லை. ஆனால் பெரியவர் கேட்ட கேள்விக்கு அந்தச் சோதனை பதில் சொல்லாது. அது காய்ந்த மண்ணைப் பற்றியது. அவர் கேட்டதோ நனைந்து ஊறிய மண்ணைப் பற்றி.

மண் சோதனைக்குக் கொடுக்கும்போது “ஷியர் டெஸ்ட் (வெட்டுவலிமைச் சோதனை) ஒன்று பண்ணிக் கொடுங்க” என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். ஆய்வகத்தில் அந்தப் பெயரில் குறைந்தது ஐந்தாறு சோதனைகள் உண்டு. ஒரே மண்ணுக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு எண் தரும். எதை எங்கே கேட்பது என்பதை நம் திருநெல்வேலிச் சீமையின் மண்ணை வைத்தே எழுதிப் பார்க்கிறேன்.

தண்ணீருக்கு வெளியேற நேரம் இருக்கிறதா?

மண் எடை தாங்காமல் நொறுங்கி விழுவதில்லை, சறுக்கித்தான் விழுகிறது. ஒரு தளத்தின் மேல் இருக்கும் மண், கீழே இருக்கும் மண்ணின் மீது வழுக்குகிறது. அப்படி வழுக்காமல் பிடித்து நிற்கும் சக்திதான் வெட்டுவலிமை. மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும் 1773இல் அதை இரண்டு கூறாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, துகள்கள் ஒட்டிக்கொள்வதால் வரும் ஒட்டுத்திறன். இன்னொன்று, மேலே இருக்கும் பாரம் அழுத்துவதால் வரும் உராய்வு. பாரம் கூடினால் உராய்வும் கூடும். எந்த விகிதத்தில் கூடுகிறது என்பதை உராய்வுக் கோணம் சொல்லும்.

இதில் விடுபட்டிருந்த ஆள் தண்ணீர். 1920களில் மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி அதைச் சேர்த்தார். மேலே இருக்கும் பாரம் முழுவதும் மண் துகள்களின் மேல் இறங்குவதில்லை. ஒரு பங்கைத் துகள்களுக்கு இடையில் இருக்கும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் வாங்கிய பங்குக்கு உராய்வு கிடையாது.

ஒரு கணக்கு போட்டால் இது விளங்கும். ஐந்தரை மீட்டர் மண் ஏறினால் கீழே ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, அழுத்தம் வரும். ஒட்டுத்திறன் 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அழுத்தம் இல்லாதபோது வெட்டுவலிமை 51.6. அதே இடத்தில் துகள்களுக்கு இடையில் இருக்கும் தண்ணீரின் அழுத்தம், அதாவது துளைநீர் அழுத்தம், 50 கிலோபாஸ்கல் ஏறிவிட்டால் வலிமை 28.3. மண் மாறவில்லை, கோணம் மாறவில்லை, வலிமை மட்டும் ஏறத்தாழ பாதியாகிவிட்டது.

அதனால் எந்தச் சோதனை என்று முடிவு செய்யும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான். களத்தில் பாரம் ஏறும்போது, அல்லது பிடிப்பு விலகும்போது, மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற நேரம் இருக்கிறதா, இல்லையா? தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் மணலில் தண்ணீர் உடனே போய்விடும். நன்றாக இறுகிய களிமண்ணில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் நிற்கும். இந்த இரண்டுக்கும் ஒரே சோதனையைக் கேட்பது எப்படிச் சரியாகும்?

பெட்டிச் சோதனை

ஆய்வகங்களில் அதிகம் ஓடுவது டைரக்ட் ஷியர். பாக்ஸ் ஷியர் என்றும் சொல்வார்கள். நடைமுறை ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தரநிலையின் பகுதி 13இல் இருக்கிறது. இரண்டு பாதியாகப் பிரிந்த ஒரு பெட்டி. உள்ளே 60க்கு 60 மில்லிமீட்டர் சதுரமும் 25 மில்லிமீட்டர் உயரமும் உள்ள மண் துண்டு. மேலே எடை வைத்துவிட்டு, ஒரு பாதியை அசையாமல் பிடித்து இன்னொரு பாதியைத் தள்ளுவார்கள். எவ்வளவு விசையில் மண் நறுக்குகிறது என்று பார்ப்பார்கள். மூன்று வெவ்வேறு எடைகளுக்குச் செய்தால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். அவற்றினூடே ஒரு கோடு இழுத்தால் ஒட்டுத்திறனும் உராய்வுக் கோணமும் வந்துவிடும். கருவி எளிது, செலவு குறைவு, மணலாக இருந்தால் ஒரே காலையில் முடிந்துவிடும்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்கு இதுதான் சரியான சோதனை. அந்தச் செம்மணலுக்கு டிரையாக்ஸியல் (மண்ணைச் சுற்றிலும் அழுத்திப் பிடித்துச் செய்யும் சோதனை, பின்னால் வருகிறது) கேட்பது வீண் செலவு என்பேன். தண்ணீர் தங்காத மண்ணில் துளைநீர் அழுத்தத்தை அளக்க என்ன இருக்கிறது?

ஆனால் தேரியில் வேறு ஒரு பொறி உண்டு. காற்று கொண்டுவந்து குவித்த மணல் அது. பல இடங்களில் தளர்வாகக் கிடக்கும். குழாய் இறக்கிக் கலையாமல் எடுத்து வரவும் முடியாது. சாக்கில் அள்ளி வந்து, ஆய்வகத்தில் பெட்டிக்குள் கொட்டி மறுபடி அடுக்குகிறார்கள். எந்த அடர்த்தியில் அடுக்குகிறார்கள் என்பதில்தான் முடிவே இருக்கிறது. உதவியாளர் நல்ல மனதோடு நான்கு தட்டு கூடுதலாகத் தட்டினால் 30 டிகிரி மணல் 35 டிகிரி ஆகிவிடும்.

ஐந்து டிகிரிதானே என்று தோன்றும். ஐ.எஸ். 6403 அட்டவணையில் அஸ்திவாரத் தாங்குதிறனுக்கான காமா குணகம் 30 டிகிரிக்கு 22.4, 35 டிகிரிக்கு 48.03. இரண்டு மடங்குக்கும் மேல்! தேரியில் கட்டும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆகவே, பெட்டிச் சோதனை கேட்கும்போது களத்தில் எடுத்த அடர்த்தியை எழுதிக் கொடுங்கள்; அந்த அடர்த்தியிலேயே மண்ணை நிரப்பச் சொல்லுங்கள். கூடவே களத்தில் எஸ்.பி.டி. எண்ணும் (குழாயை மண்ணில் இறக்கச் சுத்தியலால் எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு) எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு கதை சொன்னால் நான் களத்து எண்ணின் பக்கம்தான் நிற்பேன்.

இன்னொன்றும் உண்டு. தேரி மணல் லேசான ஈரத்தில் கட்டி பிடிப்பது போலிருக்கும். சோதனையிலும் சின்னதாக ஒரு ஒட்டுத்திறன் காட்டும். முழுக்கக் காய்ந்தாலும் போய்விடும், முழுக்க நனைந்தாலும் போய்விடும். அந்த எண்ணை வடிவமைப்பில் சேர்க்கவே கூடாது.

பெட்டிச் சோதனையின் உண்மையான சிக்கல் களிமண்ணில்தான் வருகிறது. பெட்டியில் தண்ணீரை அடைத்து வைக்கவும் வழியில்லை, அதன் அழுத்தத்தை அளக்கவும் வழியில்லை. நம் ஆய்வகங்களில் நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் என்ற வேகத்திலேயே எல்லா மண்ணையும் ஓட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. மணலுக்கு அது சரி. கரிசலை அந்த வேகத்தில் தள்ளினால் 6 மில்லிமீட்டர் நகர்வு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் தண்ணீர் வெளியேறியிருக்கும், கொஞ்சம் உள்ளேயே இருக்கும். வரும் எண் வடிந்த மண்ணின் வலிமையும் அல்ல, வடியாத மண்ணின் வலிமையும் அல்ல. இதை எந்தக் கணக்கில் போடுவது?

அதே பெட்டியில் களிமண்ணைச் சரியாகவும் செய்யலாம். முதலில் எடை வைத்து, நீரில் மூழ்கவிட்டு, உள்ளிருக்கும் தண்ணீர் பிழிந்து வெளியேறி மண் இறுகி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாதி இறுக எவ்வளவு நேரம் ஆனதோ, அதைப் போல 50 மடங்கு நேரம் எடுத்து நறுக்க வேண்டும். பாதி இறுக 20 நிமிடம் என்றால் நறுக்க 1000 நிமிடம், அதாவது பதினேழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே ஐந்து நிமிடம், இங்கே பதினேழு மணி நேரம். அறிக்கையிலோ இரண்டுக்கும் ஒரே பெயர், டைரக்ட் ஷியர். எனவே களிமண்ணுக்கு வந்த பெட்டிச் சோதனை அறிக்கை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது நறுக்கிய வேகத்தைத்தான். அது எழுதப்படவில்லை என்றால் அந்த எண்ணை நான் பயன்படுத்துவதில்லை.

பொறுமையாகச் செய்யும் ஆய்வகம் கிடைத்தால் களிமண்ணின் வடிந்த நிலை வலிமைக்குப் பெட்டிதான் மலிவான வழி. மண் துண்டு மெலிது என்பதே அதன் பலம். 25 மில்லிமீட்டர் துண்டில் தண்ணீர் மேலும் கீழுமாகப் பன்னிரண்டரை மில்லிமீட்டர் போனால் போதும். டிரையாக்ஸியலின் 76 மில்லிமீட்டர் உருளையில் 38 மில்லிமீட்டர் போக வேண்டும். நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் அங்கே ஒன்பது மடங்கு காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே சரிந்த இடங்களுக்கும் பெட்டி உதவும். வழுக்கிய தளத்தில் களிமண் தகடுகள் ஒரே பக்கமாகப் படிந்துவிடும். அங்கே மிஞ்சியிருக்கும் வலிமை புது மண்ணின் வலிமையைவிட மிகக் குறைவு. பெட்டியை முன்னும் பின்னுமாகப் பலமுறை தள்ளி அந்த எஞ்சிய வலிமையைக் கண்டுபிடிக்கலாம். குளக்கரையில் சரிந்த கட்டிகளைத் திரும்ப ஒதுக்கி, அதே வழுக்குத் தளத்தின் மேல் மண் போட்டு மூடும் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும்.

பக்கப் பிடிப்பு இல்லாத அமுக்கச் சோதனை

யூ.சி.எஸ். என்று எல்லாரும் அழைக்கும் இது ஐ.எஸ். 2720 பகுதி 10. 38 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளையை நிற்கவைத்து மேலிருந்து அழுத்துவது. பத்து நிமிட வேலை. உடைந்த அழுத்தத்தில் பாதியை ஒட்டுத்திறனாக எடுத்துக்கொள்வார்கள். மணலுக்கு இது ஆகாது, நிற்கவே நிற்காது.

முழுக்க நீர் ஊறிய, விரிசல் இல்லாத களிமண்ணில், வேகமாகப் பாரம் ஏறும் வேலைக்கு இந்தப் பாதிக் கணக்கு நியாயமானது. நம் கரிசலில் அந்த நிபந்தனைகள் எப்போதாவதுதான் அமைகின்றன. பங்குனி, சித்திரையில் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்பு இல்லாத கட்டியைத் தேடி எடுத்துச் சோதித்தால் செங்கல் போல எண் வரும். மண்ணுக்குள் தண்ணீர் குறைந்து துகள்களை இழுத்துப் பிடிப்பதால் வரும் வலிமை அது. ஐப்பசி மழை இறங்கினால் அந்த இழுப்பு போய்விடும். வெடிப்பு உள்ள கட்டியை எடுத்தால் வெடிப்பின் வழியே பிளந்து ஒன்றுமில்லாத எண் வரும். இரண்டுமே களத்துக் கரையின் வலிமை அல்ல. அந்த ஒப்பந்தக்காரரின் அறிக்கை முதல் வகை.

வேலைத்தளத்தில் ஒரு அடுக்கையும் அடுத்த அடுக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குழாய் மாதிரி கெட்டுவிட்டதா என்று அறிய, இதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வடிவமைப்பு இதன் மேல் நிற்கக் கூடாது.

டிரையாக்ஸியல்

இதிலும் அதே உருளைதான், ஆனால் ரப்பர் உறை போட்டு, தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் கலத்துக்குள் நிற்கும். கலத்தின் அழுத்தம் மண்ணைச் சுற்றிலும் பிடிக்கிறது. பூமிக்குள் பக்கத்து மண் பிடிப்பது போல. வடிகால் குழாயைத் திறக்கலாம், மூடலாம், அழுத்தத்தை அளக்கலாம். நறுக்கும் தளம் எங்கே என்று பெட்டி கட்டாயப்படுத்துவது போல இது செய்யாது; மண் தன் பலவீனமான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். கூடுதல் காசு கொடுப்பது இதற்காகத்தான்.

வடிகாலை முதலிலிருந்து கடைசிவரை மூடியே வைத்தால் அது யு.யு., பகுதி 11. இறுக விட்டு, நறுக்கும்போது மூடித் துளைநீர் அழுத்தத்தை அளந்தால் சி.யு., பகுதி 12. கடைசிவரை திறந்தே வைத்து மெதுவாக நறுக்கினால் சி.டி.

யு.யு. சோதனை, தண்ணீர் வெளியேற நேரமே இல்லாத வேலைக்கு உரியது. தூத்துக்குடி உப்பளப் பக்கத்து ஈரக் களிமண்ணில் வேகமாக மேடு போடுகிறோம் என்றால் ஆபத்து முதல் நாளிலேயே. பிறகு மண் மெல்ல மெல்ல இறுகித் தேறும். அங்கே யு.யு. போதும், அதுவே சரி. அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மண் உண்மையிலேயே முழுக்க நீர் ஊறியிருந்தால், கலத்து அழுத்தம் 100, 200, 300 என்று ஏற்றினாலும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அறிக்கையில் வரையும் மோர் வட்டங்கள் மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும், உராய்வுக் கோணம் பூஜ்யமாக வர வேண்டும். வட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போய், ஒட்டுத்திறன் 40, கோணம் 12 என்றெல்லாம் அறிக்கை வந்தால், மண் முழுக்க ஊறவில்லை என்று பொருள். அந்த 12 டிகிரி, சோதனை நாளில் இருந்த ஈரத்துக்கு மட்டுமே சொந்தம். மழைக்குப் பிறகும் அது அப்படியே இருக்கும் என்று கணக்குப் போட்டால் மோசம் போவோம்.

அந்த உப்பளக் களி சில இடங்களில் குழாயிலிருந்து வெளியே தள்ளியதும் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். வெட்டுவலிமை 30 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்கும் அப்படிப்பட்ட மண்ணுக்கு வேன் ஷியர் இருக்கிறது, பகுதி 30. நான்கு இதழ்ச் சக்கரத்தைக் குழாய்க்குள் இருக்கும் மண்ணிலேயே செருகி, நிமிடத்துக்கு 6 டிகிரி வேகத்தில் திருப்பினால் முடிந்தது. வேறு மண்ணுக்கு அது தேவையில்லை.

சி.டி. பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. களிமண்ணில் ஒரு உருளைக்கே நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆகும். முடிவில் கிடைக்கும் ஒட்டுத்திறனும் கோணமும், நன்றாகச் செய்த சி.யு. சோதனையில் துளைநீர் அழுத்தத்தைக் கழித்துப் பெறுவதற்குப் பெரும்பாலும் பக்கத்திலேயே வரும். பெரிய அணை வேலை தவிர வேறு எதற்கும் இதைக் கேளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

சி.யு.தான் என் மனதுக்கு நெருக்கமானது. ஒரே சோதனையில் இரண்டு வகை எண்களும் வந்துவிடும்: தண்ணீர் அடைபட்ட நிலைக்கு ஒன்று, வடிந்த நிலைக்கு ஒன்று. ஆனால் செய்வதில் ஒழுங்கு வேண்டும். முதலில் மண் முழுக்க ஊற வேண்டும். ஊறிவிட்டதா என்று பார்க்க, வடிகாலை மூடிக் கலத்து அழுத்தத்தை 50 கிலோபாஸ்கல் ஏற்றுவார்கள். உள்ளே துளைநீர் அழுத்தமும் குறைந்தது 47.5 ஏற வேண்டும். இந்த விகிதத்தைத்தான் பி மதிப்பு என்று சொல்வார்கள், 0.95 எட்டினால் சரி. 0.7இல் நிற்கும்போதே நேரமில்லை என்று நறுக்கிவிட்டால், அளக்கும் துளைநீர் அழுத்தம் குறைவாகக் காட்டும். அப்புறம் அந்தச் சோதனைக்குக் கொடுத்த காசு அத்தனையும் தண்டம். கரிசலில் இந்த ஊறலுக்கே நாட்கள் ஓடும். மூன்று உருளைகள் முடிய ஒரு வாரம், பத்து நாள் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

சோதனையே வேண்டாத இடமும் உண்டு

கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கம் கரிசலில் வீடு கட்டுபவர்கள் என்னிடம் டிரையாக்ஸியல் கேட்டு வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு மாடி வீட்டின் எடைக்குக் கரிசல் சறுக்கி விழாது. அது வீங்கித் தூக்கும், சுருங்கி இறக்கும்; சுவர் வெடிப்பது அதனால்தான். அங்கே செலவழிக்க வேண்டியது வீக்கக் குறியீட்டுச் சோதனைக்கு, ஐ.எஸ். 2720 பகுதி 40. வீக்கம் அதிகம் என்று தெரிந்தால், அடியில் குமிழ் வைத்து மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூணான அண்டர்ரீம் பைலுக்குப் போகலாம். ஆழமான கரிசலில் அதற்குக் குறைந்தபட்ச நீளம் மூன்றரை மீட்டர். வெட்டுவலிமை அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டினாலும் அந்தச் சுவர் வெடிக்காமல் இராது.

மலையடிவாரச் சாலைகளில் சரள் கலந்த மண் வரும். 60 மில்லிமீட்டர் பெட்டியில் அதைச் சோதிக்க, 4.75 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லையெல்லாம் சலித்துத் தள்ள வேண்டும். மண்ணுக்குப் பலம் கொடுப்பதே அந்தக் கல்தான். 300 மில்லிமீட்டர் பெரிய பெட்டி உள்ள ஆய்வகத்தைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் சலித்த மண்ணின் எண்ணைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் குளத்துக்கு என்ன கேட்டோம்

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். குளம் நிரம்பி நிற்கும்போது தண்ணீர்தான் உள்சரிவைத் தாங்கிப் பிடித்திருந்தது. கரைக்குள்ளும் தண்ணீர் ஊறி நிரம்பியிருந்தது. தள்ளி ஓர் இடத்தில் உடைப்பு விழுந்ததும் குளத்துத் தண்ணீர் சில மணி நேரத்தில் ஓடிவிட்டது. வெளியே இருந்த பிடிப்பு போயிற்று. கரிசலுக்குள் இருந்த தண்ணீர் மட்டும் போக வழியில்லாமல் அழுத்தத்தோடு அப்படியே நின்றது. மேலே போட்ட கணக்கில் 51.6 என்பது 28.3 ஆனது போல, சரிவு தன் எடையைத் தாங்க முடியாமல் வழுக்கியது. இந்த நிலைக்குப் பெயர் திடீர் நீர்மட்ட இறக்கம். அணைக்கும் கரைக்கும் இது தனியாகக் கணக்கிட வேண்டிய நிலை. ஐ.எஸ். 7894 இதற்கு 1.3 பாதுகாப்புக் குணகம் கேட்கிறது, அதாவது தாங்கும் வலிமை சறுக்கவைக்கும் விசையைப் போல 1.3 மடங்கு இருக்க வேண்டும். தண்ணீர் நிலையாகக் கசிந்துகொண்டிருக்கும் நிலைக்கு 1.5.

இந்த நிலைக்கு எண் தர ஏற்ற சோதனை, துளைநீர் அழுத்தம் அளக்கும் சி.யு. மண் முதலில் கரையின் எடையில் இறுகியிருக்கிறது, பிறகு வடிய நேரமின்றி நறுக்கப்படுகிறது. சோதனையும் அதையே அச்சாகச் செய்கிறது. எனவே அதைக் கேட்டோம். கேட்டதில் மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னோம்.

புதுக் கரைக்கு உள்வாயில், அதாவது குளத்தின் உள்தரையில், வெட்டும் மண்ணையே போடப் போகிறார்கள். அதனால் கலையாத மாதிரி தேவையில்லை. அதே மண்ணை, ரோலர் போட்டு இறுக்கும்போது களத்தில் எட்டப்போகும் அடர்த்திக்கு, அதாவது பிராக்டர் அடர்த்தியின் (ஆய்வகத்தில் குறிப்பிட்ட முறையில் இடித்து இறுக்கிக் கிடைக்கும் உச்ச அடர்த்தியின்) 95 சதவீதத்துக்கு இறுக்கிச் செய்யச் சொன்னோம். ஆய்வகங்கள் வழக்கமாக 100 சதவீதத்தில் செய்துவிடும். நம் குளக்கரையில் எந்த ஒப்பந்தத்திலும் 100 சதவீதத்தை நான் கண்டதில்லை.

இரண்டாவது, அழுத்தங்கள். 100, 200, 300 என்று ஓட்டுவது எல்லா ஆய்வகத்துக்கும் பழக்கம். எங்கள் கரையின் உயரமோ நான்கு மீட்டர். அடியில்கூட 72 கிலோபாஸ்கல்தான் வரும். சறுக்கும் தளம் அதைவிட மேலே. அந்தக் குறைந்த அழுத்தத்தில் மண்ணின் கோடு வளைந்து கீழே இறங்கும். 100க்கு மேல் எடுத்த மூன்று புள்ளிகளை இணைத்துப் பின்னோக்கி நீட்டினால், இல்லாத ஒட்டுத்திறன் ஒன்று தோன்றும். தாழ்ந்த கரைக்கு அந்த இல்லாத ஒட்டுத்திறன்தான் பாதுகாப்புக் குணகத்தையே தூக்கிப் பிடிக்கும். ஆகவே 25, 50, 100 என்று செய்யச் சொன்னோம். “இவ்வளவு கம்மியா யாரும் கேட்டதில்லையே” என்றார்கள். விளக்கிச் சொன்னதும் செய்துகொடுத்தார்கள். குளக்கரை மண்ணைச் சோதனைக்குக் கொடுப்பவர்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பது என் ஆசை.

மூன்றாவது, பி மதிப்பையும் நறுக்கிய வேகத்தையும் அறிக்கையிலேயே எழுதச் சொன்னோம்.

சரிந்து கிடந்த பகுதிக்குத் தனியாக, வழுக்குத் தளத்திலிருந்து கட்டி எடுத்து, மெழுகு பூசி, ஈரச் சாக்கில் சுற்றி வெயில் ஏறும் முன் கொண்டுவந்து, பெட்டியில் மெதுவாக முன்னும் பின்னும் நறுக்கும் சோதனை கொடுத்தோம். அதில் வந்த கோணம் புது மண்ணின் கோணத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு, சரிந்த மண்ணை முழுக்க வெட்டி எடுத்து, வழுக்குத் தளத்துக்கு ஒரு அடி கீழேயும் தோண்டி, படி படியாக வெட்டிப் புது மண்ணை அடுக்காக இறுக்குவது என்று முடிவாயிற்று.

சி.யு. எண்களை வைத்துக் கணக்கிட்டபோது, 1க்கு 2 (ஒரு பங்கு உயரத்துக்கு இரண்டு பங்கு கிடை நீளம்) என்று இருந்த உள்சரிவு தண்ணீர் நிரம்பிய நிலையில் தேறியது. திடீர் நீர்மட்ட இறக்கத்தில் 1.3ஐ எட்டவில்லை. 1க்கு 3 ஆகச் சாய்த்தால் எட்டியது. மண் கூடுதலாகத் தேவைப்பட்டது. உள்வாயைத் தூர் வாரினாலே கிடைக்கும் மண்தான் என்பதால் அது சுமையாகவில்லை. ஒப்பந்தக்காரர் முதலில் தயங்கினார். பெரியவர்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரிந்து கிடந்த கட்டிகளின் மேல் நிற்க வைத்து, “இதுக்குத்தான் கேக்காங்க” என்று காட்டினார். ஆவணியில் வேலை தொடங்கியது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் உள்சரிவு முடிந்தது.